இரண்டு பெயர்கள், ஒரு பிள்ளை: கிரேஸ் லின்னின் ‘தி இயர் ஆஃப் தி டாக்’ நாவலை வாசித்தல்



இந்த முறை நம் பாடநூல் பட்டியலில் இல்லாத ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. பட்டியலில் உள்ள நூலுக்குக் குறிப்பு கிடைக்கும், பயிற்சி நூல் கிடைக்கும், போன ஆண்டு அக்கா எழுதிய விடை கூடக் கிடைக்கும். யாரும் குறிப்பு எழுதித் தராத நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் திறனாய்வு என்பது என்ன வேலை என்று புரியும். அதுவும் இது சிறுவர் நாவல். ஆங்கிலம் எளிமை. இரண்டு மாலைப்பொழுது போதும், படித்து முடித்துவிடலாம்.

நூலின் பெயர் ‘தி இயர் ஆஃப் தி டாக்’, அதாவது நாய் ஆண்டு. எழுதியவர் கிரேஸ் லின். 2006-இல் வெளிவந்தது. அதுவும் சீன நாட்காட்டியின்படி நாய் ஆண்டுதான். லின் ஓவியரும்கூட. ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர். நாவலில் ஆங்காங்கே வரும் கோட்டோவியங்கள் அவர் கையால் வரைந்தவை. அவருடைய இன்னொரு நாவலான ‘வேர் தி மவுண்டன் மீட்ஸ் தி மூன்’ 2010-இல் நியூபெரி சிறப்பு விருது பெற்றது. அதைத்தான் பலரும் சொல்வார்கள். நான் இந்தச் சின்ன நாவலைத்தான் உயர்வாகச் சொல்வேன்.

கதை இதுதான். நியூயார்க் மாநிலத்தில் நியூ ஹார்ட்ஃபோர்ட் என்ற சிற்றூர். அங்கே தைவானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மூன்று பெண்பிள்ளைகள். நடுப்பிள்ளைதான் கதைசொல்லி. வீட்டில் அவள் பெயர் பேஸி. பள்ளியில் அவள் பெயர் கிரேஸ். அக்கா லிஸ்ஸி, தங்கை கீ-கீ. சீனப் புத்தாண்டு இரவில் கதை தொடங்கி, ஓராண்டு சுற்றி, அடுத்த புத்தாண்டில் முடிகிறது. நாய் ஆண்டில் நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள், தான் யார், பெரியவளானதும் என்ன ஆகப்போகிறோம் என்பதும் தெரிந்துவிடும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பேஸி அதை அப்படியே நம்பிவிடுகிறாள். ஓராண்டுக்குள் தன்னைக் கண்டுபிடித்தாக வேண்டும்! பாவம், நாள் குறித்துவிட்டார்கள்.

இந்த நாவலின் கதைக்கரு என்ன என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ‘அமெரிக்காவில் வளரும் தைவானியச் சிறுமி ஒருத்தி தன் அடையாளத்தைக் கண்டறிதல்.’ தவறு என்று யாரும் சொல்ல முடியாது. புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த வரியில் ‘கண்டறிதல்’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. காணாமல் போன சாவி மாதிரி அடையாளம் எங்கோ கிடந்து, இவள் தேடிப் போய் எடுத்துக்கொண்டாள் என்பதுபோல் இருக்கிறது. நாவலில் அப்படி எதுவும் நடக்கவில்லைங்க. நாவல் முழுக்க மற்றவர்கள்தான் அவளுக்கு ஓர் அடையாளத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கிறார்கள். ஒருமுறை அல்ல, இரண்டு பக்கத்திலிருந்தும். அவள் கடைசியில் கண்டடைவது அடையாளமா, வேறொன்றா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் சிற்றுண்டிச்சாலைக் காட்சியைப் பாருங்கள். பேஸியின் பள்ளியில் அவளையும் அவள் அக்காவையும் தவிர ஆசிய முகம் வேறு கிடையாது. ஒருநாள் மெலடி லிங் என்று ஒரு புது மாணவி வந்து சேர்கிறாள். அவளும் தைவானியக் குடும்பத்துப் பெண். பேஸிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதிய உணவு வரிசையில் உணவு பரிமாறும் பெண்மணி இவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்கிறார். ஒரே பிள்ளைதான் இரண்டாம் முறை வந்து நிற்கிறாள் என்று நினைத்துவிட்டார்!

இந்தக் காட்சி வேடிக்கையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் ஒன்று கேளுங்கள்: அந்தப் பெண்மணி கெட்டவரா? இல்லை. திட்டினாரா? இல்லை. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? இத்தனை ஆண்டு தினமும் பார்த்த பேஸியின் முகத்தை அவர் உண்மையில் பார்த்ததே இல்லை என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துபோகிறது. சொல்லாமல் உணர்த்தும் உத்திக்கு எடுத்துக்காட்டுத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் எங்கேயும் நின்று விளக்கம் சொல்வதில்லை. பேஸி தன் போக்கில் சொல்லிக்கொண்டு போகிறாள். தன்மை நோக்குநிலையின் பயன் இதுதான். குழந்தைக்குப் புரிந்த அளவுக்குத்தான் கதையில் வரும். மிச்சத்தை நாம்தான் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, எல்லாரும் மேற்கோள் காட்டும் காட்சி. பள்ளியில் ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ நாடகம் போடுகிறார்கள். பேஸிக்கு டோரத்தியாக நடிக்க ஆசை. தேர்வுக்குக் காத்திருக்கும்போது பெக்கி என்ற தோழி சொல்கிறாள்: நீ டோரத்தியாக முடியாது, டோரத்தி சீனப் பெண் கிடையாது என்று. அவ்வளவுதான். பேஸியின் ஆசை அந்த இடத்திலேயே வற்றிப்போகிறது. மேடையில் அவள் ஏறுவது மன்ச்கின் கூட்டத்தில் ஒருத்தியாக. தான் பார்த்த படங்களிலும் படித்த புத்தகங்களிலும் தன்னைப் போன்ற பிள்ளை இல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.

இந்தக் காட்சியை எழுதும்போது மாணவர்கள் பெக்கியை எதிர்மறைப் பாத்திரம் என்று எழுதிவிடுவார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். பெக்கி பேஸியின் தோழி. அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல் சாதாரணமாகச் சொல்கிறாள். அதனால்தான் பேஸியால் சண்டை போட முடியவில்லை. எதிரி சொன்னால் கோபப்படலாம். தோழி ஒரு தகவலாகச் சொன்னதை என்ன செய்வது? நம்புவதைத் தவிர வழியில்லை. பாத்திரப்படைப்பு பற்றிய கேள்வியில் இந்த நுணுக்கத்தை ஒரு மாணவர் எழுதியிருந்தால், திருத்துகிற நான் நிமிர்ந்து உட்கார்வேன்.

சரி, இதுவரை சொன்னது ஒரு பக்கம். பெரும்பான்மைச் சமூகம் சிறுபான்மைப் பிள்ளையைப் பார்க்காமல் விடுவது. இதோடு நாவல் நின்றிருந்தால் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட நூல்களில் ஒன்றாகப் போயிருக்கும். நின்றுவிடவில்லை.

குடும்பத்தோடு பேஸி ஒரு தைவானிய-அமெரிக்க முகாமுக்குப் போகிறாள். அங்கே பார்க்கிற இடமெல்லாம் தன்னைப் போன்ற முகங்கள். இங்கேயாவது யாரும் தன்னை வேறு மாதிரி பார்க்க மாட்டார்கள் என்று நாமும் மூச்சு விடுகிறோம். அப்போதுதான் அந்த முகாமில் இருக்கும் பெண்பிள்ளைகள் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள், அவளுக்குப் புரியவில்லை. மொழி தெரியாது. உடனே ஒரு பட்டப்பெயர் வந்து விழுகிறது: டுவிங்கி. அமெரிக்காவில் கடைகளில் விற்கும் ஒரு கேக். மேலே மஞ்சள், உள்ளே வெள்ளைக் கிரீம். வெளியே ஆசியத் தோல், உள்ளே வெள்ளைக்காரி என்று அர்த்தம்.

நம்ம ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. சீனம் பேசத் தெரியாத சீனப் பிள்ளையை ‘பனானா’ என்பார்கள். இந்தியப் பிள்ளைக்கு ‘கோக்கனட்’ என்ற சொல் தயாராக இருக்கிறது. பழம் மாறுகிறது, குத்து ஒன்றுதான்.

என் வாசிப்பில் இந்த முகாம் காட்சிதான் நாவலின் நடுத்தூண். டோரத்தி காட்சியைவிட இது கூடுதலாக வலிக்கிறது. ஏன்? பள்ளியில் விலக்கப்பட்டபோது பேஸிக்குப் போக இன்னோர் இடம் இருந்தது. வீடு, உறவு, தன் இனம். முகாமில் விலக்கப்பட்டபோது அந்த இடமும் இல்லாமல் போகிறது. அங்கே அவள் போதுமான அளவு அமெரிக்கப் பிள்ளை இல்லை. இங்கே அவள் போதுமான அளவு தைவானியப் பிள்ளை இல்லை. பெக்கியாவது தெரியாமல் சொன்னாள். இந்தப் பெண்களுக்கு அந்த வலி எப்படியிருக்கும் என்று தெரியும். பள்ளியில் அவர்களும் அதைப் பட்டவர்களாகத்தான் இருப்பார்கள். தெரிந்தேதான் சொல்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்தால் காட்சி இன்னும் கனக்கும். நாவலில் இது இல்லை, நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் தைவானில் பெரும்பாலோரின் வீட்டு மொழி தைவானிய மொழியாக இருந்தது. அது ஹொக்கியன் குடும்பத்தைச் சேர்ந்தது. பினாங்குச் சந்தையில் காதில் விழும் ஹொக்கியனுக்கு உறவு. 1949 முதல் 1987 வரை தைவானில் இராணுவச் சட்டம் நடப்பில் இருந்தது. பள்ளிகளில் மாண்டரின்தான் பேச வேண்டும். வாய் தவறித் தைவானிய மொழி பேசிய பிள்ளைக்கு அபராதம் போட்டார்கள், கழுத்தில் அட்டை மாட்டி நிற்க வைத்தார்கள். பேஸியின் பெற்றோர் வயதுக்காரர்கள் அந்தப் பள்ளிகளில் படித்த தலைமுறை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசியதற்காக வெட்கப்பட வைக்கப்பட்டார்கள். கடல் தாண்டி வந்தபின் அடுத்த தலைமுறைப் பிள்ளை தாய்மொழி தெரியாததற்காக வெட்கப்பட வைக்கப்படுகிறாள். இரண்டு இடத்திலும் வெட்கப்படுவது பிள்ளைதான். மொழியை விட்டுக்கொடுத்த முடிவில் எந்தப் பிள்ளைக்கும் பங்கில்லை.

தைவானியரா, சீனரா என்ற குழப்பமும் நாவலில் வருகிறது. ஊரார் சீனர் என்கிறார்கள், வீட்டில் தைவான் என்கிறார்கள், பேஸி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். சில விமர்சகர்கள் இதை ஆசிரியரின் கவனக்குறைவு என்று நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1979-இல் அமெரிக்கா பெய்ஜிங் அரசை ஏற்று, தைபேயோடு அரசுமுறை உறவை முறித்துக்கொண்டது. பெரிய நாடுகளே என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று தடுமாறிய விஷயத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை தெளிவாக இருக்க வேண்டுமா என்ன? அந்தத் தடுமாற்றத்தைத் திருத்தாமல் விட்டதுதான் நாவலின் நேர்மை.

இப்போது ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. இந்த முகாம் காட்சியை வகுப்பில் படிக்கும்போது, நாம் எல்லாரும் பேஸியின் பக்கம்தான் நிற்போம். அது சுலபம். ஆனால் தமிழ் வகுப்பில் நாம் இருக்கும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளை நம் வகுப்புக்கு வருகிறது. லகர ளகரம் குழறுகிறது. ‘தமிழ்ப் பிள்ளையா இருந்துக்கிட்டுத் தமிழ் தெரியலையா?’ என்ற கேள்வி எத்தனை பள்ளியில், எத்தனை கலைநிகழ்ச்சியில், எத்தனை உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராகக் கேட்கப்படுகிறது! கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். மொழி மேல் உள்ள பற்றினால்தான் கேட்கிறார். பிள்ளையின் காதில் அது டுவிங்கி என்றுதான் விழும். அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. மொழி வளர்க்கப் போய் மொழியிலிருந்து ஒரு பிள்ளையைத் துரத்திவிடுகிறோம். இதற்காகவே இந்த நாவலை ஆசிரியர்கள் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பேன், மாணவர்களுக்குக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

கட்டமைப்புக்கு வருவோம். நாவல் நெடுகிலும் கதைக்குள் கதை வருகிறது. பேஸி சோர்ந்துபோகும் போதெல்லாம் அம்மா ஒரு பழைய கதை சொல்கிறார். தைவானில் தான் சிறுமியாக இருந்த காலத்துக் கதை, தாத்தா பாட்டி கதை, இங்கே வந்து குடியேறிய புதிதில் நடந்த கதை. மாணவர்கள் இதை ‘கதைக்குள் கதை உத்தி’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உத்தியின் பெயரைச் சொன்னால் அரைப் புள்ளிதான். அது என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். பேஸிக்குத் தைவானிய மொழி வராது, தைவானில் வாழ்ந்ததும் இல்லை. அந்தத் தீவு அவளுக்கு வந்து சேர்வது அம்மாவின் கதைகள் வழியாக மட்டும்தான், அதுவும் ஆங்கிலத்தில். அந்தக் கதைகளில் வரும் அம்மா வீரப்பெண்மணி இல்லை. பயப்படுகிற, தப்பு செய்கிற, சங்கடப்படுகிற ஒரு சாதாரணச் சிறுமி. தன் பாரம்பரியத்தை எண்ணிப் பெருமைப்படு என்று அம்மா ஓரிடத்திலும் பிரசங்கம் செய்வதில்லை. நானும் உன்னைப் போல் விழித்துக்கொண்டு நின்றவள்தான் என்று மட்டும் காட்டுகிறார். பின்னால் பேஸி எழுத்தாளராக ஆசைப்படுவதற்கு விதை இங்கேதான் விழுகிறது. பிள்ளைக்கு மொழி போய்விட்டது, கதை போகவில்லை.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தாண்டு இரவில் இனிப்புத் தட்டு நிரப்பும் காட்சி முதலிலேயே வருகிறது. சீன மிட்டாய்களோடு எம் அண்ட் எம் மிட்டாய்களையும் கலந்து வைக்கிறார்கள். நாமும் அப்படித்தானே, இரண்டும் கலந்தவர்கள் என்பதுபோல் அப்பா அதை நல்ல சகுனமாக்கிவிடுகிறார். அழகான குறியீடு. நம் வீட்டுத் தீபாவளி மேசையில் முறுக்குக்குப் பக்கத்தில் கூவே கப்பிட் இருக்கும், அதைப் பார்த்து யாரும் அடையாளச் சிக்கல் என்று பேசுவதில்லை. தட்டில் கலப்பது சுலபம். பள்ளி மேடையிலும் முகாமிலும் கலப்பதுதான் சிரமம் என்பதை ஆசிரியர் தெரிந்தே முதலில் தட்டைக் காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு சாப்பாடு கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது. திரும்பிய பக்கமெல்லாம் விருந்து. சில அத்தியாயங்கள் உணவை வர்ணித்து முடிவதோடு சரி. வாய் ஊறுகிறது, கதை நகரவில்லை.

குறைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டேன், முடித்துவிடுகிறேன். திறனாய்வு என்றால் பாராட்டு மட்டும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சேம் மெர்சர் என்ற பையன் மேல் பேஸிக்கு ஓர் ஈர்ப்பு வருகிறது. அந்த இழையை முழுவதும் எடுத்துவிட்டாலும் நாவலுக்கு ஒன்றும் குறையாது. மெலடி மிக வசதியான தோழி. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பின்னணி, ஒரே ரசனை. அவர்களுக்குள் உரசலே பெரிதாக இல்லை. உண்மையில் பள்ளிக்கு வரும் இரண்டாவது ஆசியப் பிள்ளையைப் பார்த்து முதல் பிள்ளைக்குச் சந்தோஷம் மட்டுமா வரும்? கொஞ்சம் பயமும் வரும். இனிமேல் இரண்டு பேரையும் ஒன்றாகவே பார்ப்பார்கள் என்ற பயம். சிற்றுண்டிச்சாலைக் காட்சியில் அதற்கு வாசல் திறந்திருந்தது. ஆசிரியர் அந்த வாசல் வழியாக உள்ளே போகவில்லை.

முடிவுக்கு வருவோம், ஏனென்றால் கதைக்கரு பற்றிய கேள்வி அங்கேதான் தீர்கிறது. அறிவியல் கண்காட்சி, நாடகம் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்த பேஸி, கடைசியில் ஒரு புத்தகப் போட்டிக்குக் கதை எழுதிப் படம் வரைகிறாள். கதையின் பெயர் ‘தி அக்ளி வெஜிடபிள்ஸ்’, அசிங்கமான காய்கறிகள். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் பூந்தோட்டம். ஒரு வீட்டில் மட்டும் அம்மாவும் மகளும் சீனக் காய்கறி போடுகிறார்கள். பார்க்க அழகில்லை. மகளுக்குக் கூச்சம். அறுவடை ஆனதும் அம்மா சூப் வைக்கிறார். அதன் வாசனை தெருவையே இழுத்து வருகிறது. அண்டை வீட்டார் பூக்களோடு வந்து சூப் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இந்தக் கதை நிஜமாகவே லின்னின் முதல் படப்புத்தகமாக 1999-இல் வெளிவந்திருக்கிறது என்பது சுவையான தகவல். பேஸியின் கதைக்குப் பரிசு கிடைக்கிறது. ஓராண்டு முடிவதற்குள் தான் என்ன ஆகப்போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது: எழுதுவது, வரைவது.

இப்போது சொல்லுங்கள். பேஸி கண்டடைந்தது அடையாளத்தையா? சீனரா, தைவானியரா, அமெரிக்கரா என்ற கேள்விக்குக் கடைசிப் பக்கம் வரை உறுதியான பதில் இல்லை. அவளுக்குக் கிடைத்தது ஒரு வேலை. புத்தகங்களில் தன்னைப் போன்ற பிள்ளை இல்லை என்று நாடகத் தேர்வில் தெரிந்துகொண்டவள், அந்த இல்லாத புத்தகத்தைத் தானே செய்துவிடுகிறாள். நான் யார் என்ற கேள்வி நான் என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. நாவலின் உண்மையான நகர்வு இதுதான் என்பது என் வாதம். மாணவர்களே, நீங்கள் இதை மறுக்கலாம். ஆனால் நாவலிலிருந்து சான்று காட்டி மறுக்க வேண்டும்.

பரிசு கிடைப்பது கொஞ்சம் சுலபமான தீர்வு என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பரிசு கிடைக்காமல் போயிருந்தால் பேஸி எழுத்தாளராக ஆசைப்பட்டிருப்பாளா? ‘தி அக்ளி வெஜிடபிள்ஸ்’ கதையிலும் இதே சிக்கல்தான். அண்டை வீட்டாருக்குச் சூப் பிடித்ததால்தான் காய்கறிக்கு மதிப்பு வருகிறது. பிடிக்காமல் போயிருந்தால்? வெளியார் கைதட்டினால்தான் நம் பொருளுக்குப் பெருமையா என்று ஒரு மாணவர் கேட்டால், அதற்கு நாவலில் பதில் இல்லை. லின்னுக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். பேஸிக்குக் கிடைப்பது முதல் பரிசு இல்லை. ஊரே மாலை போட்டு ஊர்வலம் விடவும் இல்லை. அந்த அளவுக்கு ஆசிரியர் அடக்கி வாசித்திருக்கிறார்.

பிள்ளை இலக்கியம் பேசும் இடங்களில் ‘கண்ணாடியும் சன்னலும்’ என்ற உருவகம் அடிக்கடி வரும். ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-இல் எழுதிய கட்டுரையில் இருந்து பரவியது. சில புத்தகங்கள் பிள்ளைக்குத் தன் முகம் காட்டும் கண்ணாடி, சில புத்தகங்கள் பிறர் வாழ்க்கையைக் காட்டும் சன்னல். கிரேஸ் லின்னும் இதை எடுத்துக்கொண்டு மேடைகளில் பேசியிருக்கிறார். தைவானிய-அமெரிக்கச் சிறுமிக்கு இந்த நாவல் கண்ணாடி. நம் மாணவருக்கு? முதல் பார்வையில் சன்னல்தான். இராத்திரியில் வீட்டுக்குள் விளக்கு எரியும்போது சன்னல் கண்ணாடியில் நம் முகமே தெரியுமே, அதுபோல் முகாம் காட்சியில் நம் முகம் தெரிந்துவிடுகிறது. பிஷப் அம்மையாரும் வெளிச்சம் சரியாக அமைந்தால் சன்னலே கண்ணாடியாகும் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்.

வகுப்பில் கொண்டுபோக விரும்பும் ஆசிரியர்களுக்கு என் யோசனை ஒன்று. முழு நாவலையும் கொடுக்க வேண்டியதில்லை. நாடகத் தேர்வுக் காட்சியையும் முகாம் காட்சியையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் காட்சியில் பேஸிக்கு அதிகமாக வலித்தது, ஏன் என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ‘அடையாளம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பிள்ளைகள் பாத்திரத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். சொல் இருக்கும்வரை சொல்லையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஆர்வம் வந்தால் தொடர்ச்சியும் உண்டு. 2012-இல் வந்த ‘டம்ப்ளிங் டேஸ்’ நாவலில் பாட்டியின் அறுபதாம் பிறந்தநாளுக்காகக் குடும்பமே தைவானுக்குப் போகிறது. எல்லார் முகமும் தன் முகம் போலவே இருக்கும் ஊரில் கடையில் ஒரு பொருள் கேட்கக்கூடத் தடுமாறுகிறாள் பேஸி. முகாம் காட்சி ஒரு நாடளவுக்குப் பெரிதாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முன் 2008-இல் வந்த ‘தி இயர் ஆஃப் தி ராட்’ நாவலைப் படியுங்கள். மெலடி கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறாள். அவள் இருந்த வீட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் வருகிறது. அந்த வீட்டுப் பையன் டுன்-வெய். ஆங்கிலம் சரியாக வராது. பள்ளியில் பிள்ளைகள் அவனைக் கேலி செய்கிறார்கள். அவனும் நீயும் ஒரே இனம்தானே என்பதுபோல் எல்லாரும் பேஸியைப் பார்க்கிறார்கள். தன்னையும் அவனோடு சேர்த்துவிடுவார்களோ என்று ஒதுங்கி நிற்கிறாள் பேஸி, முன்பு டுவிங்கி என்று பெயர் வாங்கிய அதே பிள்ளை.